அந்தியில் வைக்க வேண்டிய கிளிஞ்சல்

ஈசூனில் தரைவீடு ஒன்றில் ஐந்து முட்டைக்கோழிகள் வளர்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் கூண்டைத் திறந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தோல்முட்டை கிடக்கிறதாம். ஓடுள்ள முட்டைகளும் கையில் எடுக்கும்போதே விரிசல் விடுகின்றனவாம். யாரோ சொன்னார்கள் என்று கால்சியம் மாவு வாங்கித் தினமும் காலைத் தீவனத்தில் பிசைந்து வைக்கிறார். மாற்றமில்லை. "புளோக்குக்குக் கீழே திரிகிற கோழிகளுக்கு யார் கால்சியம் கொடுக்கிறார்கள்? அவை நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஈசூனிலும் மற்ற பேட்டைகளிலும் புல்வெளியைக் கிளறிக்கொண்டு திரியும் கோழிகளில் பல, சிவப்புக் காட்டுக்கோழியின் இரத்தம் கலந்தவை. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். ஓர் ஈட்டுக்கு நாலைந்து முட்டை, பிறகு அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு, பிறகு நீண்ட ஓய்வு. அந்த அளவுக்கு வேண்டிய சுண்ணாம்பை நத்தை, பூச்சி, மண் ஆகியவற்றிலிருந்தே அது சேர்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பழுப்புக்கோழி அப்படியல்ல. நன்றாகப் பராமரித்தால் முதல் ஆண்டில் 300 முட்டையைத் தொடும் இனம் அது.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2.2 கிராம் கால்சியம் இருக்கிறது. 300 முட்டைக்கு 660 கிராம். ஒரு முட்டைக்கோழியின் எலும்புகள் அத்தனையிலும் உள்ள கால்சியத்தைத் திரட்டினாலும் 20 முதல் 25 கிராம்தான் தேறும். தன் எலும்புக்கூட்டில் இருப்பதைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஒரே ஆண்டில் உடலுக்குள் வாங்கி வெளியே அனுப்புகிறது அந்தச் சிறிய உடல். இந்த வேகத்துக்குக் கோழியை வளர்த்தெடுத்தவர்கள் மனிதர்கள். ஆகவே அதற்கு வேண்டியதைத் தருவதும் நம் கடமை. புளோக் கோழியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீவக அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தனியார் தரைவீட்டில் விற்பனைக்கல்லாமல் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். காட்டுப்பறவை நுழைய முடியாதபடி வலையடித்த கூண்டு வேண்டும். பறவைக்காய்ச்சல் அச்சத்தால் வந்த விதி அது. அதனால் வெளியே திரிந்து நத்தையும் மண்ணும் பொறுக்கும் வாய்ப்பு நம் கோழிக்கு அனேகமாக இல்லை. தட்டில் நாம் என்ன வைக்கிறோமோ அதுதான் அதன் உலகம். நீ சூன், சோங் பாங் கம்பங்களில் வாழ்ந்த பெரியவர்கள், "அந்தக் காலத்தில் நாங்கள் தவிடும் சோறும்தான் போட்டோம்" என்பார்கள். உண்மைதான். அந்தக் கோழிகள் நாள் முழுவதும் வெளியே மேய்ந்தன, முட்டையும் குறைவாக இட்டன.

இனி வாசகியின் சிக்கலுக்கு வருகிறேன். கால்சியம் வாங்கிப் போட்டும் ஏன் பலனில்லை? அவர் போடும் அளவில் பெரிய குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போடும் நேரமும் மாவு மிக நைசாக இருப்பதும்தான் கோழிக்கு ஒத்துவரவில்லை.

கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். இட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடுத்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து கழன்று முட்டைக்குழாயில் இறங்கும். வெள்ளைக் கருவைச் சுற்றிக்கொள்ள மூன்று மணி நேரம், சவ்வுகளைப் போர்த்திக்கொள்ள இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன்பின் ஓடு கட்டும் அறைக்குப் போய்ச் சேரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். அங்கே 18 முதல் 20 மணி நேரம் தங்குகிறது. முதல் சில மணி நேரம் ஓடு மெதுவாகவே படியும். மும்முரமான வேலை இருட்டிய பிறகுதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி அளவில் விடிந்து, மாலை ஏழு மணி அளவில் இருட்டுகிறது. கோழி இருட்டில் தின்னாது. ஏழு மணிக்குப் பரண் ஏறினால் மறுநாள் ஏழு மணிக்குத்தான் இறங்கும். ஓடு கட்டும் வேலை உச்சத்தில் நடக்கும் பன்னிரண்டு மணி நேரமும் அதன் வாய்க்குள் ஒன்றும் போவதில்லை. லிம் சூ காங் பக்கம் இருப்பதைப் போன்ற பெரிய பண்ணைகளின் கதை வேறு. இத்தகைய தொழில்முறைப் பண்ணைகளில் விளக்கு வைத்துப் பகலைப் பதினாறு மணி நேரம் வரை நீட்டுவார்கள். நள்ளிரவில் ஒரு மணி நேரம் விளக்கேற்றித் தீனி வைக்கும் பழக்கமும் உண்டு. வீட்டுக் கோழிக்கு அந்த வசதி கிடையாது.

கோழியின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் சுமார் 25 மில்லிகிராம்தான். ஓடு கட்டும் அறையோ மணிக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை இழுக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தத்திலுள்ள மொத்தக் கால்சியமும் புதிதாக வந்தாக வேண்டும். அது வரக்கூடிய இடங்கள் இரண்டே. ஒன்று குடல். மற்றது எலும்பு. பெட்டை பருவத்துக்கு வரும்போது, முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே, கால் எலும்புகளின் உட்குழியில் தனியாக ஓர் எலும்புச் சேமிப்பு உருவாகிறது. இரவில் குடல் காலியாகும்போது கோழி அதைக் கரைத்து ஓட்டுக்கு அனுப்பும், மறுநாள் தின்று நிரப்பிக்கொள்ளும். தினமும் எடுத்துத் தினமும் போட்டுவந்தால் சிக்கல் இல்லை. எடுத்தது திரும்பாமலே நாட்கள் போனால் சேமிப்பு தீர்ந்து, உடலைத் தாங்கும் எலும்பிலேயே கை வைக்கும். தோல்முட்டை நம் கண்ணில் படும் நேரத்தில் எலும்பின் தேய்மானம் பல நாள் முன்பே தொடங்கியிருக்கக்கூடும். முட்டை உடைந்த நட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

காலையில் கொடுத்த நைசான மாவு என்ன ஆகிறது என்று பாருங்கள். மாவு அரைவைப்பையில் தங்காது. சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். அந்த வேளையில் ஓடு கட்டும் வேலை இன்னும் சூடு பிடித்திருக்காது, ஆகவே குடலும் அதை ஆவலோடு உறிஞ்சாது. பெரும்பகுதி எச்சத்தோடு போய்விடும். கரடுமுரடான துகளாக இருந்தால் அரைவைப்பை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கேயுள்ள அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, விடியும்வரை சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு இறங்கும். இரவில் கட்டப்படும் ஓட்டுக்கு இரவில் கரையும் சுண்ணாம்பு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஆகவே மாவை நிறுத்துங்கள். கிளிஞ்சல் துகள், சிப்பி ஓட்டுத் துகள், அல்லது கோழித் தீவனத்துக்கென்றே விற்கும் சுண்ணாம்புக்கல் துகள், இவற்றில் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். துகள் 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது என்று கண்ணளவில் பார்த்துக்கொள்ளலாம். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். நாள் முழுவதும் கிண்ணம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் ஒருமுறை கிளறி, புதிதாக ஒரு பிடி மேலே தூவுங்கள். புதியதைக் கண்டால் கோழி வந்து கொத்தும். ஓடு கட்டவேண்டிய நாளில் பிற்பகலிலும் அந்தியிலும் கோழிக்குச் சுண்ணாம்பு ஆசை தானாகவே கூடும். முட்டை இடாத நாளில் அதே கோழி கிண்ணத்தைத் திரும்பிப் பார்ப்பதும் குறைவு. தனிக்கிண்ணம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஐந்து கோழியில் ஒன்று இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும், ஒன்று அடையில் இருக்கும், மூன்றுதான் முட்டையிடும். எல்லாருக்கும் ஒரே அளவில் கலந்து கொடுத்தால் சிலருக்கு மிகும், சிலருக்குப் போதாது.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள், கிளிஞ்சலும் கல்லும் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, வானிலையைப் பார்த்து இந்த வாரம் தீவனத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று பண்ணையாளர்களுக்கு அறிவிப்பு வெளியிடுகிறது; தமிழ் நாளிதழ்களில் அது வருகிறது. வெயில் மாதங்களில் வரும் அறிவிப்புகளைப் படியுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில்காலம்தான் என்பதால் பெரும்பாலானவை இங்கும் பொருந்தும்.

வீட்டிலேயே கிடைக்கும் பொருளைப் பயன்படுத்தலாமா என்றால், சிலவற்றைப் பயன்படுத்தலாம். சாப்பிட்ட 'ஹம்' சிப்பியின் ஓடுகளை நன்றாகக் கொதிக்கவைத்து, உப்பும் மாமிசமும் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்துச் சலித்தால் அருமையான கிளிஞ்சல் துகள். முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. கொடுக்கலாம், ஆனால் அடுப்பில் நன்றாகச் சூடாக்கிக் கிருமி போக்கிய பிறகு, முட்டை வடிவம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் கெட்ட பழக்கம் வந்துவிடும், வந்தால் போகாது. ஓடு மெல்லியது, சீக்கிரம் தூளாகிவிடும் என்பதால் கிளிஞ்சலுக்கு அது துணைதான். பறவைக் கடைகளில் விற்கும் கணவாய் ஓட்டுக்கும் இதே கதி.

கொடுக்கவே கூடாதவை இரண்டு. லிட்டில் இந்தியா வெற்றிலைக் கடையில் வாங்கும் தாம்பூலச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காரம் மிகுந்தது. வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். கிளிஞ்சலிலிருந்துதானே அதைச் செய்கிறார்கள் என்று வாதிட வேண்டாம். சூளையில் வெந்தபின் அது வேறு பொருள். இரண்டாவது, தோட்டக்கடைகளில் செடிக்கு விற்கும் டோலமைட். பார்க்கச் சுண்ணாம்புக்கல் தூள் போலவே இருக்கும், விலையும் மலிவு. அதில் மக்னீசியம் மிக அதிகம். அது கால்சியத்தோடு போட்டியிட்டு ஓட்டை மேலும் மெலிதாக்கும், கழிச்சலையும் உண்டாக்கும். வாங்கிய கல் எதுவென்று ஐயம் வந்தால் இரண்டு துகளை வினிகரில் போடுங்கள். கிளிஞ்சலும் நல்ல சுண்ணாம்புக்கல்லும் உடனே நுரைத்துப் பொங்கும். டோலமைட் சோம்பலாக ஓரிரு குமிழி விடும். கருங்கல் ஜல்லி சும்மா கிடக்கும்.

கருங்கல் ஜல்லி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோழிக்குக் கல் என்று கடையில் கேட்டால் இரண்டு பொருளை ஒரே பெயரில் தருவார்கள். ஒன்று கரையும் கல், அதாவது கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும். இன்னொன்று கரையாத கருங்கல் துகள். பல்லில்லாத கோழிக்கு அரைவைப்பையில் பல்லாக வேலை செய்வது. முழுத் தானியமும் நீளமான புல்லும் தின்னும் கோழிக்கு அது உதவும். மாவாகவோ குருணையாகவோ கடைத் தீவனம் மட்டும் தின்னும் கோழிக்கு அவசியமில்லை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

சோற்றுத் தட்டின் கணக்கு

வாசகியின் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மீந்த சோறு, ரொட்டி, நாசி லெமாக்கில் ஒதுக்கிய இக்கான் பிலிஸ் எல்லாம் கோழிக்குப் போகிறதாம். என் கணிப்பில் சிக்கலின் பாதி அந்த வரியில் இருக்கிறது.

முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 110 கிராம் தீவனம் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். 110 கிராமில் சுமார் 4 கிராம். குடல் அதில் ஏறத்தாழ பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது 2 கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டைக்குச் சரியாகப் போதும், கையிருப்பு என்று ஒன்றுமில்லை. இப்போது அந்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சோறும் ரொட்டியும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கிடைக்கும் கால்சியம் 2.7 கிராமாக இறங்கும், உடம்பில் சேர்வது ஒன்றரை கிராமைத் தொடாது. அரிசியில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். முட்டைக்கு முட்டை முக்கால் கிராம் துண்டு விழுந்தால், எலும்பு எத்தனை நாள் ஈடுகட்டும்?

நம் வீடுகளில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்துக்குப் பேர் போனவை. மனிதருக்கு அது சரி. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கோழிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 4 கிராமை அதிலிருந்து எடுப்பதென்றால் அது ஒரு கிலோவுக்கு மேல் கேழ்வரகு தின்ன வேண்டும். பாயாம், பசலை போன்ற கீரைகளில் உள்ள ஆக்ஸலேட், இருக்கும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். கீரையை ஒரு கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள், கோழி மகிழ்ச்சியாகக் கொத்தும், மஞ்சள் கரு நல்ல நிறம் பெறும். ஓட்டுக்கு அதை நம்ப வேண்டாம். மஞ்சள் கருவின் நிறத்தை வைத்துத் தாதுச்சத்தை எடைபோடுவதும் தவறு.

வீட்டு மிச்சத்தை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், கோழிக்கும் ஆசை உண்டு. மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், காலைத் தீவனம் தின்று முடித்த பிறகு கொடுங்கள். இக்கான் பிலிஸின் தலையில் நல்ல புரதமும் பாஸ்பரஸும் இருந்தாலும் உப்பு ஏராளம். உப்பு கூடினால் கோழி தண்ணீரை மடமடவென்று குடித்து எச்சம் நீராகக் கழியும், கூண்டு நசநசக்கும். ஊறவைத்துக் கழுவி எப்போதாவது ஒரு சிட்டிகை போதும். உப்புத் தண்ணீர் நேரடியாக ஓட்டின் தரத்தையே கெடுக்கும். தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் அந்தக் கவலை இல்லை.

தவிட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டிக் அமிலம் என்னும் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் மிகக் குறைவு. போதாக்குறைக்கு அந்த அமிலம் வழியில் வரும் கால்சியம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய தீவன ஆலைகள் ஃபைட்டேஸ் நொதியைச் சேர்த்து இதைச் சரிசெய்கின்றன. வீட்டில் தவிடு அள்ளிப் போட்டால் சரிசெய்ய வழியில்லை. பாஸ்பரஸ் ஏன் வேண்டும்? இரவில் எலும்பைக் கரைத்து எடுக்கும்போது கால்சியம் ஓட்டுக்குப் போகிறது, கூடவே கரைந்த பாஸ்பரஸ் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மறுநாள் எலும்பை மீண்டும் கட்ட அதுவும் வேண்டும். அதற்காக டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) வாங்கித் தாராளமாகத் தூவினால் எதிர்விளைவுதான். பாஸ்பரஸ் மிகுந்தாலும் ஓடு மெலியும். தரமான முட்டைக்கோழித் தீவனத்தில் அளவாகச் சேர்த்திருப்பார்கள், அதை நம்புங்கள்.

மாங்கனீசு, துத்தநாகம், செம்பு மூன்றும் மில்லிகிராம் கணக்கில் வேண்டியவை. ஓட்டின் அடித்தளத்துக்கு ஒன்று, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டைத் தயாரிக்கும் நொதிக்கு ஒன்று, உள்சவ்வின் உறுதிக்கு ஒன்று. கடைத் தீவனத்தில் எல்லாம் இருக்கிறது. வைட்டமின் டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை உள்ளே விடாது, அதுவும் அதில் இருக்கிறது. ஆனால் வைட்டமின்களுக்கு ஆயுள் குறைவு. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஐந்து கோழிக்கு மாதம் 16 கிலோ தீவனம் போதும். மலிவென்று 50 கிலோ மூட்டை வாங்கிக் கார் நிறுத்துமிடத்தில் மூன்று மாதம் வைத்திருந்தால் வைட்டமின் போய்விடும், பூஞ்சையும் வரும். பூஞ்சை நஞ்சு கல்லீரலைத் தாக்கும். வைட்டமின் டி உடலில் செயல்பட முதலில் மாற்றம் பெறுவது அதே கல்லீரலில்தான். சிறிய பையாக வாங்கி, மூடி இறுகும் வாளியில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கட்டி பிடித்த தீவனத்தையோ பூஞ்சை வாடை வீசும் தீவனத்தையோ தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மூச்சிரைக்கும் கோழி

இத்தனையும் சரியாக இருந்தும் மதியம் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கிறதா? அப்படியானால் ஓடு மெலியத்தான் செய்யும். கோழிக்கு வியர்வை கிடையாது. வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சால்தான் வெளியேற்ற வேண்டும். வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் பாதி இரத்தத்தில் கரைந்திருக்கும் அந்தக் கரியமிலவாயுவிலிருந்தே வருகிறது. மூச்சிரைக்கும் கோழியின் வயிற்றில் கிளிஞ்சல் நிறைந்திருந்தாலும் மறுபாதிக்குத் தட்டுப்பாடு. அதோடு வெயிலில் தீனியும் இறங்காது.

அமெரிக்காவில் 1980களில் கோழிகளுக்குச் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வெப்பத்தில் மெலிந்த ஓடு தேறியது. அதைப் படித்துவிட்டுச் சோடா புட்டி வாங்க ஓடவேண்டாம். நிழலும் காற்றும் குளிர்ந்த நீரும் கொடுத்தால் வீட்டுக்குப் போதும். கோழி நாளுக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும், வெப்பத்தில் இரட்டிப்பாகும். ஆனால் தண்ணீர் சூடேறிவிட்டால் தொடாது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள், பாத்திரத்தை நிழலில் வையுங்கள். கூண்டின் தகரக் கூரைக்கு மேல் ஒரு தென்னோலையோ நிழல்வலையோ போடுங்கள். தீவனத்தைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள்ளும் மாலை நாலிலிருந்து ஏழுக்குள்ளும் கோழி வயிறார உண்ணும்படி வையுங்கள். மாலைத் தீனிதான் முக்கியம், தீவனமும் கிளிஞ்சலும் அப்போது ஒன்றாக உள்ளே போகும்.

கோழி பரண் ஏறிய பிறகு மெதுவாகக் கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம் தொட்டுப் பாருங்கள். அங்கே தீனிப்பை நிறைந்து பந்துபோல் இருக்க வேண்டும். விடியற்காலையில் அது காலியாகித் தொய்ந்திருக்க வேண்டும். மாலையில் காலியாக இருந்தால் கோழி தின்னவில்லை என்று பொருள். கூட்டத்தில் வலிய கோழி விரட்டுகிறதா, தட்டு போதவில்லையா என்று பாருங்கள். காலையிலும் கெட்டியாகவோ, புளித்த நாற்றத்தோடு கொழகொழவென்றோ இருந்தால் செரிமானம் அடைபட்டிருக்கிறது; அந்தக் கோழிக்குக் கிளிஞ்சலால் பயனில்லை, மருத்துவர் வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட கெட்டியான எச்சம் நல்ல அடையாளம். நாளுக்கு ஓரிரு முறை பழுப்பாகப் பசைபோல் நாறிக்கொண்டு வருவதும் இயல்பே, அது குருட்டுக்குடலிலிருந்து வருவது.

புதிதாக விடைக்கோழி வாங்கிச் சேர்க்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முட்டையிடத் தொடங்காத கோழிக்கு முட்டைக்கோழித் தீவனம் கொடுக்காதீர்கள். வளரும் கோழிக்குக் கால்சியம் ஒரு விழுக்காடு போதும். நான்கு விழுக்காட்டை வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் பழுதாகும், உடலுக்குள் யூரிக் அமிலம் படிந்து சாகும். சேவலுக்கும் அந்த அளவு தேவையில்லை. பல வயதுக் கோழிகள் ஒரே கூண்டில் இருந்தால், எல்லாருக்கும் வளரும் கோழித் தீவனத்தை வைத்து, கிளிஞ்சல் கிண்ணத்தைத் தனியே வைப்பதே பாதுகாப்பான வழி. முட்டையிடுபவை எடுத்துக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் தொடாது. கொண்டை சிவந்து, பதினாறு பதினேழு வாரம் ஆகும்போது எலும்புச் சேமிப்பு தொடங்கும். கிண்ணம் அதற்குமுன் வந்துவிட வேண்டும்.

கொடுப்பது பலிக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. முட்டை சமைக்கும்போது ஓட்டை எறியாதீர்கள். உடைக்குமுன் முட்டையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைக் கழுவி, சவ்வோடு நன்றாகக் காயவைத்து எடைபோடுங்கள். 60 கிராம் முட்டைக்கு ஓடு ஐந்தரை கிராமிலிருந்து 6 கிராம் வரை இருந்தால் நிறைவு. ஐந்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். ஒரு முட்டையை வைத்து முடிவுக்கு வராமல் பத்து முட்டையின் சராசரியைப் பாருங்கள். வயதான கோழி பெரிய முட்டை இடும், ஆனால் ஓட்டுக்குப் போடும் கால்சியத்தின் அளவு கூடுவதில்லை. அதனால் ஒன்றரை வயதுக்குமேல் ஓடு கொஞ்சம் மெலிவது இயற்கை.

கால்சியக் குறைதான் காரணமென்றால் கிளிஞ்சலை அந்தியில் வைக்கத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரியும். அப்போதும் தோல்முட்டை வந்துகொண்டிருந்தால், ஓடு சுருக்கம் சுருக்கமாக இருந்தால், வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால், தும்மலோ மூக்கொழுகலோ சேர்ந்து வந்தால் அது தட்டில் தீரும் குறையாக இல்லாமல், தொற்று நோயாக இருக்கக்கூடும். கோழி காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டால், அல்லது முட்டை வெளியே வராமல் முக்கிக்கொண்டிருந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள், சுண்ணாம்பு வற்றிய எலும்பு சின்ன அழுத்தத்துக்கே முறியும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று இறந்தால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு உடனே தெரிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை மற்ற கோழிகளைக் கூண்டைவிட்டு வெளியே விடாமல் வையுங்கள்.